பாலாற்றங்கரையிலிருந்து அரண்மனைச் சாலைக்கு

நல்ல மழை பெய்த வருஷத்தில் கோலார் மாவட்டத்துப் பேத்தமங்களா ஏரியின் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். மழை பொய்த்த வருஷத்தில் அதே இடத்தில் மாடு மேயும். நந்திமலைப் பக்கம் பிறக்கும் பாலாறு இங்கே தேங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆந்திரத்தைத் தொட்டுத் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. அதில் கர்நாடகத்துக்கு 93, ஆந்திரத்துக்கு 33, மீதி 222 தமிழ்நாட்டுக்கு. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மணலாகக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏரியில் பாலாற்றைத் தண்ணீராகப் பார்ப்பதே ஒரு காட்சிதான்.

ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். 10ஆம் நூற்றாண்டில் இந்தப் பெரிய ஏரியின் கரை உடைந்துபோக, நுளம்ப அரசன் இரிவ நுளம்பன் அதை அடைத்துச் சீர்செய்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர் ஆட்சியில் மறுபடியும் பழுதுபார்த்தார்கள். கோலார் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்த லூயிஸ் ரைஸ் இவற்றை அச்சேற்றி நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. கரையை அடைத்தவன் பெயர் கல்லில் ஏறியது; ஏரி அவனுடையதாகிவிடவில்லை. ஊருக்குப் பொதுவாகவே இருந்தது. பின்னால் வரப்போகும் ஒரு வழக்குக்கு இந்தச் செய்தி தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

1864இல் பெங்களூருக்கு ரயில் வந்தது. தண்டவாளம் பேத்தமங்களாவைத் தொடாமல் போனதால், தாலுக்கா தலைமையிடம் என்ற அந்தஸ்து ரயில் நின்ற பௌரிங்பேட்டைக்கு இடம் மாறியது. அதுதான் இன்றைய பங்காருப்பேட்டை. பிறகு பத்துக் கிலோமீட்டர் தள்ளித் தங்கம் கிடைத்தது; அதுதான் கோலார் தங்கவயல். லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் 1880இல் வந்து இறங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சாரைசாரையாக வந்து லைன் வீடுகளில் குடியேறின. அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே! பேத்தமங்களாவில் நீரேற்று நிலையம் எழுந்தது. தங்கவயலின் மூன்று நான்கு தலைமுறைகள் குடித்தது இந்த ஏரித் தண்ணீர்தான்.

இங்கிருந்து பெங்களூரிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போவது என்று ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்து, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது பேத்தமங்களாவில் மகள் வீட்டில் இருக்கிறார். இன்னொருவர் அவருடைய தம்பி மகன்; ராபர்ட்சன்பேட்டைக்காரர்; தினமும் ரயிலேறிப் பெங்களூர் வசந்தநகர்ப் பக்கம் எலெக்ட்ரிஷியன் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர். யோசனை பெரியவருடையதல்ல.

"தெனம் அந்த கேட்டு வழியாத்தான் போறேன் பெரியப்பா. பெரிய பங்களா, பெரிய பெரிய மரம். போர்டுல நேஷனல்னு போட்டிருக்கான். ஒரு நாளும் உள்ள போனதில்ல. நீங்க வர்றதா இருந்தா நானும் வரேன்" என்றார் இளையவர்.

"நமக்கு அங்க இன்னாடா வேல?" என்றார் பெரியவர். ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்தியிருந்தார்.

பேத்தமங்களாவிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்குப் பேருந்தில் போகிறவரை முதலில் வரவேற்பது சயனைடு மேடுகள். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண், பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கும் கலையாது என்பதுபோல் மலையாகக் கிடக்கிறது. காற்றடித்தால் தூசி ஊருக்குள் வரும். சினிமாக்காரர்கள் படம்பிடிக்க வருவதும் இங்கேதான். நூற்றிருபது ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் கம்பி இழுத்து வந்த மின்சாரம் முதலில் எரிந்தது தங்கவயலில். பெங்களூர் இன்னும் மூன்று வருஷம் காத்திருந்தது. 1965இல் இதே சுரங்கத்தின் அடியில் வைத்த கருவிகளில்தான் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. உலகத்தில் அதைக் கண்ட முதல் இடங்களில் இது ஒன்று.

இவ்வளவும் நடந்த ஊரில் இன்று கண்ணுக்குத் தெரிவது துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்களும் பூட்டிய கேட்டுகளும்தான்.

மாரிகுப்பத்தில் ரயில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர், பங்காருப்பேட்டை. ஸ்டேஷன் பெயர்களே சுரங்கத்தின் சரித்திரம். சுரங்கம் மூடியபின் இந்த ரயில்தான் ஊரின் சம்பளப் பட்டுவாடா. விடிவதற்கு முன்பே சீசன் டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். கட்டட வேலை, கார்மென்ட்ஸ், செக்யூரிட்டி, மருத்துவமனை, ஐ.டி. கம்பெனி என்று பெங்களூர் ஓடுவதற்குத் தேவையான எல்லாக் கைகளும் இந்தப் பெட்டிகளுக்குள் உண்டு. சனிக்கிழமையிலும் உட்கார இடமில்லை. நாலு பேர் சீட்டில் ஆறு பேர். தலைக்குமேல் டிபன் பைகள். ஒரு மூலையில் சீட்டுக்கட்டு, இன்னொரு மூலையில் பாட்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும் பேச்சு.

மாலூர் ஓட்டுச் சூளைகள் கடந்தபோது பெரியவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. எங்கே போகிறீர்கள் என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார். "படம் பாக்க" என்றார் பெரியவர். எந்தத் தியேட்டர் என்று அடுத்த கேள்வி வந்தது.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினால் அரண்மனைச் சாலை கிட்டத்தில்தான். மாணிக்கவேலு மாளிகை என்பது கட்டடத்தின் பெயர். கேட்டருகே பெரியவர் தயங்கினார். உள்ளே பார்க்கிங்கில் நின்ற கார்களையும், கழுத்தில் கேமரா தொங்கிய இளைஞர்களையும் பார்த்த தயக்கம் அது.

"நம்மளையெல்லாம் உள்ள வுடுவானா?"

"கவர்மென்டுது பெரியப்பா. டிக்கெட் எடுத்தா யாரு வேணா போலாம்."

டிக்கெட் 20 ரூபாய். ரயிலில் வாங்கிச் சாப்பிட்ட வடை, டீக்கு அதைவிட அதிகம் செலவாகியிருந்தது.

இந்தத் தயக்கம் இங்கே மட்டும் உள்ளதல்ல. பிரிட்டிஷ் அரசாங்கம் 1824இல் ஒரு வணிகரின் 38 ஓவியங்களை 57,000 பவுனுக்கு வாங்கி லண்டன் தேசிய ஓவியக்கூடத்தைத் தொடங்கியது. அதற்கு நிரந்தரக் கட்டடம் எங்கே கட்டுவது என்ற கேள்வி எழுந்தபோது டிரஃபால்கர் சதுக்கத்தைத் தேர்ந்தார்கள். மேற்கிலிருந்து பணக்காரர்கள் வண்டியில் வரலாம், கிழக்கிலிருந்து ஏழைகள் நடந்தே வரலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம். ஊர்ப்புகையில் ஓவியம் கெடுகிறது, சுத்தமான காற்றுள்ள கென்சிங்டனுக்கு மாற்றிவிடலாம் என்று பிறகு ஒரு வாதம் கிளம்பி, பாராளுமன்றக் குழுக்கள் வரை போனது. மாற்றவில்லை. ஓவியத்துக்குக் கொஞ்சம் கெடுதல் வந்தாலும் நடந்து வருகிறவனுக்கு எட்டாத இடத்தில் அது இருக்கக்கூடாது என்ற கட்சி வென்றது. அதற்கும் முன்னால், 1793இல், பாரிஸில் அரசர்களின் மாளிகையான லூவ்ர் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. அங்கே அரசனின் தலை போன பிறகு கதவு திறந்தது. பெங்களூரில் அவ்வளவு ரத்தம் சிந்த வேண்டியிருக்கவில்லை; ஒரு ஏலம் போதுமானதாக இருந்தது.

அந்தக் கதை சுவையானது. ராஜா மாணிக்கவேலு முதலியார் எளிய நிலையிலிருந்து மேலே வந்தவர். மைசூர் ராஜ்ஜியத்தில் மாங்கனீசு, குரோம் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்ததில் செல்வம் கொட்டியது. அரச குடும்பத்தாருக்குப் பக்கத்திலேயே தாமும் குடியிருக்க வேண்டுமென்று மைசூர் யுவராஜாவிடமிருந்து இந்த இடத்தை வாங்கினார். குடும்பம் பல வருஷம் வாழ்ந்தது. பிறகு தொழில் நொடித்தது, மாளிகை ஏலத்துக்கு வந்தது. நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு எடுத்து, 1960களில் வீட்டுவசதி வாரியத்துக்கு மாற்றியது. 2000ஆம் ஆண்டு கலைக்கூடத்துக்காக மத்திய கலாச்சார அமைச்சகத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, பின்னால் புதிய கட்டடம் ஒன்றையும் சேர்த்து, 2009 பிப்ரவரி 18 அன்று திறந்தார்கள். டெல்லி, மும்பைக்குப் பிறகு மூன்றாவது தேசிய நவீனக் கலைக்கூடம், தென்னிந்தியாவுக்கு முதலாவது.

இதை இளையவர் போனில் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்த பெரியவர், போர்டிகோவில் நின்று தூண்களை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இதுவும் மைன்ஸ்காரன் வூடுதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் நடையில் தயக்கம் இல்லை.

உள்ளே மாளிகையின் அறைகள் அப்படியே காட்சிக்கூடங்களாகியிருக்கின்றன. படுக்கையறையாக இருந்திருக்கக்கூடிய ஓர் அறையில் ஒரு நூற்றாண்டு மாட்டப்பட்டிருக்கிறது. ரவி வர்மா, தாகூர்கள், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில் என்று பெயர்ப்பலகைகள் வரிசையாக வருகின்றன. பெயர், வருஷம், எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா என்ற தகவல், அவ்வளவுதான். சின்ன எழுத்து, கண்ணாடி போடாத பெரியவருக்கு அதுவும் இல்லை. ஒரு விதத்தில் அது நல்லதாகிப் போனது. பெயரைப் படித்துவிட்டு நகர்கிற கூட்டத்தில் அவர் ஒருவர்தான் படத்தை மட்டும் பார்த்தார்.

ரவி வர்மா பாணி எண்ணெய் ஓவியம் ஒன்றின் முன் அவர் வெகுநேரம் நின்றார். படத்திலிருந்த பெண்ணின் காதிலும் கழுத்திலும் நகை. கிட்டே போனால் அது நகையே இல்லை. பழுப்பு மஞ்சள் தீற்றல் ஒன்று, அதன் விளிம்பில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி. இரண்டடி பின்னால் வந்தால் அந்த வெள்ளைப் புள்ளிதான் பொன்னாக மின்னுகிறது. பெரியவர் கிட்டே போனார், பின்னால் வந்தார், மறுபடி கிட்டே போனார். காவலுக்கு நின்றவர், "ஸ்வல்ப ஹிந்தே நில்லி, சார்" என்று கொஞ்சம் பின்னால் நிற்கச் சொன்னார்.

"தங்கமே வெக்காம தங்கம் காட்டிட்டான் பாரு" என்றார் பெரியவர். "நம்ம ஊர்ல கல்லுக்குள்ள தங்கம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டன்னு கணக்குல ஒடச்சி, அரச்சி, மருந்து ஊத்தி எடுத்தா கடைசி காலத்துல ஒரு டன்னுக்கு நாலு கிராமு தேறுனா அதிகம். இவன் பாரு, ஒரு சொட்டு வெள்ளையில முடிச்சிட்டான்."

கலை விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ரவி வர்மா 1906இல் இறந்தவர். அவர் கைதேர்ந்து வரைந்த காலமும் தங்கவயல் கொழித்த காலமும் ஏறத்தாழ ஒன்று. அந்தப் பெண் அணிந்திருந்தது கோலார்த் தங்கமாக இருக்குமோ என்று இளையவர் கேட்டார். "நம்மூர் தங்கம் எங்கடா நம்மூர் பொம்பளைக்குக் கெடச்சது? அது சீமைக்கில்ல போச்சு" என்று பதில் வந்தது.

இந்த ஓவியங்களெல்லாம் எப்படிப் பொதுச் சொத்தாயின என்பது தனிக் கதை. சுதந்திரம் கிடைத்து ஏழாவது ஆண்டில், 1954 மார்ச் 29 அன்று, டெல்லியில் ஜெய்ப்பூர் மகாராஜாவின் மாளிகையாக இருந்த இடத்தில் முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அப்போது குடியரசுத் துணைத்தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன், நம் திருத்தணிக்காரர். பொறுப்பேற்ற முதல் கலைக்கூடக் காப்பாளர் ஹெர்மன் கெட்ஸ் என்ற ஜெர்மானியர். அதற்கு முன் பரோடா அருங்காட்சியகத்தை நடத்தியவர். திறப்பையொட்டி நடந்தது சிற்பக் கண்காட்சி. அதில் இடம்பெற்றவர்களில் ஒருவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நீண்டகாலம் இருந்தவர். மெரினாவில் நாலு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலையைச் செய்தவர். 1959இல் மெரினாவில் நின்ற அந்தச் சிலையின் பிரதியொன்று டெல்லிக் கலைக்கூடத்து வளாகத்திலும் இருக்கிறது. தங்கவயல்காரர்கள் டெல்லிக்குப் போனால் அதன்முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அவர்களைவிடப் பாறையைப் புரட்டியவர்கள் யார்?

அம்ரிதா ஷெர்கில் 1941இல் லாகூரில் 28 வயதில் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் தெற்கே கன்னியாகுமரி வரை பயணம் செய்தவர். அஜந்தாவையும் கொச்சி மட்டாஞ்சேரிச் சுவரோவியங்களையும் பார்த்துத் திரும்பிய கையோடு 1937இல் அவர் வரைந்த பிரம்மச்சாரிகளும் மணப்பெண் அலங்காரமும் இன்று தேசியக் கலைக்கூடத்தின் சொத்து. அவருடைய கணவரும் தந்தையும் தங்களிடமிருந்த ஓவியங்களை நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். ஏலத்தில் விட்டிருந்தால் கோடிகள் குவிந்திருக்கும் என்பதை இன்றைய விலைகளைப் பார்க்கிறவர்கள் சொல்லுவார்கள். 1972இல் வந்த தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின் கீழ் ரவி வர்மா, ஷெர்கில், ஜாமினி ராய், ரவீந்திரநாத் தாகூர் உள்ளிட்ட ஒன்பது கலைஞர்களின் படைப்புகள் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. தனியார் அவற்றை வாங்கலாம், விற்கலாம், வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. தங்கத்துக்கு அப்படியொரு சட்டம் 1880இல் இருந்திருந்தால் என்று யோசிக்கத் தோன்றுகிறது. யோசித்துப் பயனில்லை.

மூன்று கூடங்களுக்கும் சேர்த்து 17,000க்கும் மேற்பட்ட படைப்புகள் கையிருப்பில் உள்ளன. சுவரில் தொங்குவது அதில் சிறு பங்குதான். மீதியெல்லாம் கிடங்கில். இது உலகமெங்கும் உள்ள வழக்கம் என்றாலும், மூன்று நகரங்களோடு நின்றுவிட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. கோலாரிலோ வேலூரிலோ ஆறு மாதத்துக்கு இருபது ஓவியங்கள் வந்து தங்கிப் போனால் என்ன கெட்டுவிடும்? பாதுகாப்பு, ஈரப்பதம், காப்பீடு என்று அதிகாரிகள் காரணம் சொல்லுவார்கள். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். அறிவியல் கண்காட்சி ரயிலையும் நடமாடும் நூலகத்தையும் ஓட்டத் தெரிந்த நாட்டுக்கு இது மட்டும் முடியாதா?

மாளிகைக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். நகரத்தின் நடுவே இப்படியொரு நிழல் 20 ரூபாய்க்குக் கிடைப்பதே லாபம் என்றார் இளையவர். தொழில் போன ஊருக்கு ஓவியம் எதற்கு என்று கேட்பவர்களுக்காக, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைப் பற்றி இங்கே பேசிவிடலாம். தங்கவயலுக்குத் தங்கம் எப்படியோ, டெட்ராய்ட்டுக்குக் கார் அப்படி. தொழில் போனது, ஜனம் போனது, 2013இல் நகராட்சியே திவாலானது. நகராட்சியிடம் விலைபோகக்கூடியதாக மிஞ்சியிருந்தது அதன் கலை அருங்காட்சியகம். அங்கே டியேகோ ரிவேரா 1932-33இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஃபோர்டு ஆலையில் எஞ்சின் வார்க்கிற, இரும்பைத் தூக்குகிற தொழிலாளர்கள்தான் அவற்றின் நாயகர்கள். ஓவியங்களை விற்றுக் கடனை அடை என்றார்கள் கடன் கொடுத்தவர்கள். இன்னொரு பக்கம் ஓய்வூதியம் வெட்டுப்படும் பயத்தில் முதிய தொழிலாளர்கள். ஓவியமா, கிழவர்களின் கஞ்சியா என்று ஊர் இரண்டுபட்டது. கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் திரட்டி ஓய்வூதிய நிதியில் போட்டன. அதற்குப் பதிலாக அருங்காட்சியகம் விற்க முடியாத தனிப் பொது அறக்கட்டளையானது. ஓய்வூதியமும் அறவே போகவில்லை, ஓவியங்களும் போகவில்லை.

இளையவர் இந்தக் கதையைச் சொன்னதும், மைன்ஸ் மூடியபோது நிலுவைக்காக எத்தனை வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றோம் என்பது பெரியவருக்கு நினைவு வந்துவிட்டது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, "அங்க விக்கறதுக்கு எதுனா இருந்துது. நம்மகிட்ட இன்னா இருந்துது, துரு" என்றார்.

மாலையில் கஸ்தூர்பா சாலை. கப்பன் பூங்காவை ஒட்டிச் சிவப்பாக நிற்கும் அரசு அருங்காட்சியகம் 1865இல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1877இல் வந்தது. தொடங்கிவைத்த எட்வர்ட் பால்ஃபர் ராணுவ மருத்துவர். 1851இல் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. தமிழர்களுக்கு இங்கே பார்க்கவேண்டிய கல் ஒன்று உண்டு: ஆதகூர் நடுகல். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்ட போரைச் சொல்லும் பழங்கன்னடக் கல்வெட்டு அதில் இருக்கிறது. வென்ற பக்கத்தின் குரல். ஆனால் கல்லின் நடுவே செதுக்கியிருப்பது அரசனையல்ல, ஒரு நாயை. போரில் காட்டிய வீரத்துக்காக என்ன வேண்டுமென்று கங்க அரசன் பூதுகன் கேட்க, மணலேரன் என்ற வீரன் 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் செத்தன. அதற்குத்தான் நடுகல், நிலமானியம். தக்கோலத்தில் தோற்றவர்களின் வாரிசுகளும் வென்றவர்களின் வாரிசுகளும் இன்று ஒரே டிக்கெட்டில் அந்த நாயைப் பார்க்கலாம்.

நுளம்பர் கதையும் அப்படித்தான். ஹேமாவதியின் நுளம்பர் தூண்களும் சிற்பங்களும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சி. சிவராமமூர்த்தி அவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். திருவையாற்றுக் கோவிலில் உள்ள நுளம்பர் தூண்கள் சோழர்கள் போரில் கைப்பற்றி வந்தவை என்பது வரலாற்று அறிஞர்களின் கருத்து. அன்று கலைப்பொருள் ஊர் விட்டு ஊர் போகக் கொள்ளையும் ஒரு வழி.

அருங்காட்சியகத்தை ஒட்டியே வெங்கடப்பா கலைக்கூடம். கே. வெங்கடப்பா (1886-1965) மைசூர்க்காரர். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்ப, அபனீந்திரநாத் தாகூரிடம் நந்தலால் போஸோடு சேர்ந்து படித்தார். வீணை வாசிப்பார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊட்டியையும் கொடைக்கானலையும் அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களில் மேகம் காகிதத்தின்மேல் ஈரமாகவே நிற்கும். நீலகிரி மழையை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த ஓவியன் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் பெயரில் 1975இல் வந்த இந்தக் கூடம் பெங்களூரின் இளம் ஓவியர்கள் குறைந்த வாடகையில் முதல் கண்காட்சி வைத்த இடம்.

கட்டடம் பராமரிப்பில்லாமல் நலிந்தது. 2015இல் கர்நாடக அரசு, சுற்றுலாத் திட்டமொன்றின் கீழ் ஒரு தனியார் அறக்கட்டளை இதைத் 'தத்து' எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. ஓவியர்கள் 2016இல் தெருவுக்கு வந்தார்கள். பாட்டு, நாடகம், ஓவியம் என்று கலைக்கூட வாசலிலேயே போராட்டம். பணம் போட வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எதைக் காட்டுவது, எதைக் கழற்றி வைப்பது, யாருக்கு இடம் தருவது என்பதை எங்களைக் கேட்காமல் எப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். அந்த ஏற்பாடு கடைசியில் நிறைவேறவில்லை.

ஓவியர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இரிவ நுளம்பன் ஏரிக்கரையை அடைத்தான். மதகின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகவில்லை. பழுதுபார்க்கத் தனியார் வரட்டும். பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ளட்டும். சாவி அரசிடமும், அரசைக் கேட்கும் உரிமை ஊரிடமும் இருக்கவேண்டும். கூரை ஒழுகும்வரை பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. 'தத்து' கொடுக்கிற நிலைமைக்குப் பிள்ளையைப் பட்டினி போட்டது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

திரும்பும் ரயிலில் பெரியவர் அதிகம் பேசவில்லை. பங்காருப்பேட்டை தாண்டியதும் ஒன்று கேட்டார்: சுரங்க வரைபடங்கள், லேம்ப்பு, கூண்டு, ஷிஃப்ட்டு ரெஜிஸ்டர், செத்தவர்கள் பேர் எழுதின நோட்டு, இதையெல்லாம் ஒரு கட்டடத்தில் வைத்து அதற்கும் 20 ரூபாய் டிக்கெட் போட்டால் என்ன? பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கேட்கவேண்டிய இடம் மத்திய அரசு. நிலமும் ஷாஃப்ட்டும் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சொத்து என்பதால்.

அது வரும்போது வரட்டும். தங்கவயலிலும் பேத்தமங்களாவிலும் உள்ள பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷாவருஷம் பிள்ளைகளை லால்பாக்குக்கும் விதான சௌதா வாசலுக்கும் அழைத்துப் போகிறீர்கள். அந்த வண்டியை அரண்மனைச் சாலையில் ஒரு மணிநேரம் நிறுத்துங்கள். கட்டடமும் ஓவியமும் அந்தப் பிள்ளைகளுடையவை. பெற்றோர் கட்டுகிற வரியில் நடப்பவை. திங்கட்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள். அன்றைக்கு விடுமுறை.